பீன்யாவின் கழிவுநீரும் வாரியத்தின் மறுப்பும்

நேயர்களே, வணக்கம். பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யாவில், உலோகத்துக்கு முலாம் பூசும் பிளேட்டிங் பட்டறைகளில் முதலாளியாகவும் தொழிலாளியாகவும் நம் தமிழர்கள் பலர் இருக்கிறார்கள். அங்கே சாக்கடையில் விடும் நீர் விருஷபாவதி ஆற்றுக்குப் போகிறது. விருஷபாவதி அர்க்காவதியில் சேர, அர்க்காவதி சங்கமத்தில் காவிரியோடு கலக்கிறது. அதற்கப்புறம் மேட்டூர்தான். ஆகவே ஒரு பட்டறை கழிவுநீரை வெளியேற்ற கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதி மறுப்பது இரண்டு மாநிலத்துக் குடிநீர் சம்பந்தப்பட்ட காரியம்.

1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில் 25ஆம் பிரிவு அனுமதியைப் பற்றியது, 27ஆம் பிரிவு மறுப்பைப் பற்றியது. நீர் கெட்டிருந்தால்தான் மறுப்பார்கள் என்பது பொதுவான எண்ணம். ஆனால் 27ஆம் பிரிவு முதலில் பார்ப்பது, அதிகாரி சோதனைக்கு நீர்மாதிரி எடுக்கத் தோதாக வெளியேற்றும் வாய் கட்டப்பட்டிருக்கிறதா என்பதை. குழாய் நேராக மண்ணுக்குள் போனால், அல்லது கூலிங் நீரும் மழைநீரும் கலந்த பிறகுதான் மாதிரி எடுக்கும் தொட்டி வந்தால், அனுமதி கிடையாது. நீர்த்துப்போன நீர்மாதிரி எதையும் சொல்லாது. இதில் வாரியம் கறாராக இருப்பது முழுக்க நியாயம்.

அடுத்தது கணக்கு. குரோம் முலாம் பூசிய பொருளைக் கழுவிய நீர் மஞ்சளாக இருக்கும். அமிலம் விட்டு பி.எச்.சை 2, 3 அளவுக்கு இறக்கி, சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போட்டால் மஞ்சள் பச்சையாகும். அதன் பிறகுதான் சுண்ணாம்பு. மஞ்சளாக இருக்கும்போதே சுண்ணாம்பைக் கொட்டினால், அந்த மஞ்சளுக்குக் காரணமான ஆறிணைதிற குரோமியம் (ஹெக்சாவேலன்ட் குரோமியம்) அடியில் படியாமல் அப்படியே வெளியே போய்விடும். அதற்கு வரம்பு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். ஒரு நாளைக்கு 5,000 லிட்டர், லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 250 கிராம் குரோமியம். அதற்கு 700 கிராம் மெட்டாபைசல்ஃபைட், மாதத்துக்குப் பதினெட்டு கிலோவாவது வேண்டும். பில் புத்தகத்தில் வருஷத்துக்கே ஐந்து கிலோ இருந்தால், இ.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) ஓடவில்லை என்று சொல்ல ஆய்வகம் தேவையில்லை. கசடு கணக்கும் இ.டி.பி.யின் தனி மின்மீட்டரும் அதையே காட்டிக்கொடுக்கும்.

சயனைடு நீரைத் தனிக் குழாயில் கொண்டுபோகாத பட்டறையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அது அமிலத்தோடு கலந்தால் கிளம்பும் வாயு ஆளைக் கொல்லும்.

அனுமதி கையில் இருக்கிறதே என்றும் இருந்துவிட முடியாது. நிபந்தனைகளை வாரியம் அவ்வப்போது மறுபரிசீலனை செய்யலாம், மாற்றலாம். ஒரு நாளைக்கு 10,000 லிட்டருக்கு சி.எஃப்.ஓ. (இயக்க அனுமதி) வாங்கிவிட்டு மீட்டரில் 16,000 ஓடினால் அது நிபந்தனை மீறல். சுத்திகரிக்காமலே நீரை வெளியே விட ராத்திரியில் திறக்கும் பைபாஸ் குழாய் அதைவிட மோசம். 33A பிரிவின்கீழ் மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தச் சொல்லவே வாரியத்துக்கு அதிகாரம் உண்டு.

மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் 28ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். அங்கே வழக்கு பெரும்பாலும் மாதிரியைச் சுற்றித்தான் நடக்கும். ஆறிணைதிற குரோமியத்துக்கான மாதிரியில் அமிலம் சேர்க்காமல், குளிரில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். அமிலம் சேர்த்தால் அளவு மாறிவிடும். மாதிரி எடுக்கும்போது நீங்கள் அங்கேயே நில்லுங்கள். இரண்டாகப் பிரித்து முத்திரை வைக்கும்படி அப்போதே கேளுங்கள். கேட்காவிட்டால் ஒரே பாட்டில்தான் ஆய்வகத்துக்குப் போகும். அதன் முடிவைச் சரிபார்க்க இன்னொரு பாட்டில் இருக்காது.