தளர்ச்சியா, கனிவா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

மைக்கேல் ஹர்லி என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் 80 வயதைத் தொட்ட மாதத்தில், 2021 டிசம்பரில், 'தி டைம் ஆஃப் தி ஃபாக்ஸ்குளோவ்ஸ்' ஆல்பம் வந்தது. அதில் ஒலிப்பது முதுமையின் தளர்ச்சியா, கனிவா என்பது இன்றைய தலைப்பு. கனிவுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தோழி மூன்று குறைகளை அடுக்கினார். ஒலிப்பதிவு திண்ணையில் உட்கார்ந்து செய்ததுபோல இருக்கிறதாம். பழைய பாட்டையே திரும்பத் திரும்பப் பாடுகிறாராம். குரல் நடுங்குகிறதாம்.

முதலில் திண்ணை. தளர்ச்சி என்றால் முன்பு இருந்த ஒன்று இப்போது போயிருக்க வேண்டும் இல்லையா? ஹர்லி தன் முதல் ஆல்பத்தை 1964-இல், 22 வயதில், ஃபோக்வேஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பாடினார். அதைப் பதிவு செய்தது எந்தக் கருவி தெரியுமா? 1948-இல் லெட் பெல்லி என்ற மாபெரும் பாடகரின் கடைசிப் பாடல்களைப் பிடித்துவைத்த அதே டேப் ரெக்கார்டர். பளபளப்பு அவரிடம் அன்றைக்கும் இல்லை, அதை அவர் தேடவும் இல்லை. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆறு கடலில் சேரும் இடத்தில் உள்ள ஆஸ்டோரியா என்ற சிற்றூரில்தான் இந்த ஆல்பத்தையும் பதிவு செய்தார். பக்கத்தில் உட்கார்ந்து நமக்காகவே பாடுகிற அந்த நெருக்கம் அப்படியே இருக்கிறது.

அடுத்தது, பழைய பாட்டு. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஹர்லியின் முதல் ஆல்பத்தில் ஓநாய் மனிதனைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. வௌவால்கள் பறக்கும் நிலா வெளிச்சத்தில் அவனைப் பார்த்தேன், அவன் அழுதுகொண்டிருந்தான் என்று வரும். எல்லோரும் பார்த்து ஓடுகிற மிருகத்தின் முகத்தில் கண்ணீரைப் பார்க்கிற கண், 22 வயதில்! 1971-இல் 'ஆர்ம்சேர் பூகி' ஆல்பத்தில் அதையே மறுபடி பாடினார். 2003-இல் கேட் பவர் என்ற அமெரிக்கப் பாடகி அதைப் பாடிய பிறகு, ஒரு புதிய தலைமுறையே ஹர்லியைத் தேடிப் போனது. அவருக்குப் பாட்டு என்பது தோட்டத்து மரம் மாதிரி. நட்டதோடு முடிந்துபோவதில்லை, வருஷா வருஷம் போய்ப் பார்க்க வேண்டும். ஃபாக்ஸ்குளோவ்ஸிலும் புதியவற்றோடு பழைய பாடல்கள் சில திரும்பி வருகின்றன. கையில் சரக்கில்லாதவன் செய்கிற வேலை இல்லை இது.

எதிரணியில் அவரைக் கிறுக்கர் என்றும் சொன்னார்கள். தனக்கு ஸ்நாக் என்று பெயர் வைத்துக்கொண்டார், பூன், ஜாக்கோ என்று இரண்டு ஓநாய்களை வைத்துப் படக்கதை வரைந்தார், ஆல்பங்களின் அட்டைக்கும் தானே வரைந்தார், உண்மைதான். 1976-இல் வந்த 'ஹேவ் மாய்சி' ஆல்பத்தில் சாப்பாட்டைப் பற்றி அவர் பாட்டு ஒன்று இருக்கிறது. ருசித்துச் சாப்பிடுவதைப் பாடுகிறார். அப்புறம் குவிந்து கிடக்கும் பாத்திரங்களைப் பார்த்துக் கலங்குகிறார். சாப்பிட்டது கடைசியில் என்னவாகும் என்பதையும் விடவில்லை! இதைக் கிறுக்கு என்றால் நம் எல்லோர் வீட்டிலும் தினமும் நடப்பது கிறுக்குதான். அவருக்கு எதுவும் பாட்டுக்குத் தகாத பொருள் இல்லை. அந்த மனசுதான் 80 வயதில் கனிந்து நிற்கிறது.

சரி, குரலுக்கு வருகிறேன். நடுங்குகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆல்பத்தின் முதல் பாட்டைக் கேளுங்கள். திருவிழாவுக்கா வந்தீர்கள் என்பதுதான் அதன் தலைப்பு. வாசலில் நிற்கும் பெரியவர் வருகிறவர்களை விசாரிப்பது போன்ற கேள்வி. கணீர் என்ற குரலில் அதைக் கேட்டால் மிரட்டுவதுபோல இருக்கும். இந்தக் குரலில் கேட்கும்போது உள்ளே போய் உட்காரத் தோன்றுகிறது. லூவின் சகோதரர்கள் என்ற பாடகர்களின் 'அலபாமா' பாட்டையும் பாடியிருக்கிறார். அவர்கள் இருவரும் குரலோடு குரல் இழைந்து உச்சத்தில் பாடியவர்கள். ஹர்லி அந்த உச்சத்துக்குப் போட்டி போடவே இல்லை. தன் நடையில், அவசரமில்லாமல், ஊர் நினைப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறார். இரவில் ஹெட்போனில் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. தளர்ந்த குரலுக்கு அந்த வேலை செய்யத் தெரியாது.

மணி அடிக்கப் போகிறீர்கள், தெரிகிறது. ஒரே ஒரு செய்தி, முடித்துவிடுகிறேன். 2025 மார்ச் கடைசியில், 83 வயதில், ஆரிகனில் வாழ்ந்த அந்த மனிதர் 3,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்து டென்னசியின் நாக்ஸ்வில் நகரத்துக்குப் போய், பிக் இயர்ஸ் இசைவிழாவில் பாடினார். சில நாளில், ஏப்ரல் 1 அன்று காலமானார். அதற்குள் இன்னொரு ஆல்பத்தையும் முடித்து வைத்திருந்தார். 'புரோக்கன் ஹோம்ஸ் அண்ட் கார்டன்ஸ்' என்ற பெயரில் அது அந்த செப்டம்பரில் வந்தது. எதிரணித் தோழி இன்று வீட்டுக்குப் போனதும் அதைப் போட்டுக் கேட்க வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.