கறிவேப்பிலை கிடைக்காத ஊரா எங்கள் ஊர்?

நடுவர் அவர்களே, இரு அணிப் பேச்சாளர்களே, சமூக மன்றம் நிறைய வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

'புதிய வட்டாரத்துக்குக் குடிபெயர்வதால் நமக்குக் கிடைப்பது அதிகமா, நாம் இழப்பது அதிகமா?' இதுதான் தலைப்பு. கிடைப்பதே அதிகம் என்பது எங்கள் அணி. ரயில் பாதை, வீட்டு விலை, மானியம் என்று ஒரு தாள் நிறைய எழுதிக்கொண்டுதான் மேடை ஏறினேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அதற்குப் பதில் சொல்லாமல் இந்தத் தாளைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

என்ன சொன்னார்? "சிங்கப்பூரின் புதிய வட்டாரங்களான தெங்காவுக்கும் பொங்கோலுக்கும் குடிபோனவர்கள் ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்காக ரயில் ஏறி, லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காச் சந்தைக்கு ஓடி வருகிறார்கள். கறிவேப்பிலை கிடைக்காத ஊரும் ஓர் ஊரா?" என்றார். அவை குலுங்கியது. பின்வரிசையில் ஓர் ஐயா எழுந்து நின்றே கைதட்டினார். சகோதரி, நான் பொங்கோல்வாசி. கறிவேப்பிலையைப் பற்றி என்னிடம் பேசிவிட்டு நீங்கள் சும்மா வீட்டுக்குப் போய்விட முடியாது. ஐயா, நீங்களும் கேளுங்கள்.

பழைய பேட்டையான தோ பாயோவிலிருந்து நாங்கள் பொங்கோலுக்குப் போன புதிது. 2003 ஜூனில் வடகிழக்கு ரயில் பாதை திறந்து அதிக காலம் ஆகவில்லை. எங்கள் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றிலும் வெட்டவெளி, செம்மண், பாரந்தூக்கிகள். புது வீட்டில் முதல் ஞாயிற்றுக்கிழமை. என் மாமியார் மீன் குழம்பு வைக்கிறார். புளி கரைத்தாயிற்று. எண்ணெய் காய்ந்துவிட்டது. வெந்தயம் பொரிகிறது. கையை நீட்டுகிறார், கறிவேப்பிலை இல்லை.

அடுப்பை அணைத்தார். கரண்டியைக் கழுவி மாட்டினார். கூடத்தில் போய் உட்கார்ந்தார். "கறிவேப்பிலை இல்லாமல் குழம்பு வைக்கவா என்னை இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தீர்கள்?" என்று கேட்டார். சகோதரி, நீங்கள் இன்று கேட்ட கேள்வியை என் மாமியார் அன்றே கேட்டுவிட்டார்!

நான் கீழே ஓடினேன். பேரங்காடியில் கொத்தமல்லி இருந்தது, பண்டான் இலை இருந்தது, பெயர் தெரியாத இலைகளெல்லாம் பிளாஸ்டிக் பையில் அழகாக அடுக்கியிருந்தன. கறிவேப்பிலை மட்டும் இல்லை. வெறுங்கையோடு மேலே வந்தேன். மின்தூக்கிக் கதவு திறந்தால், தாழ்வாரத்தில் மாமியார் நிற்கிறார். எதிரே ஒரு சீனப் பாட்டியின் வீடு. வாசலில் வரிசையாகத் தொட்டிகள். மிளகாய், கற்றாழை, பண்டான். அவற்றுக்கு நடுவில், இடுப்பு உயரத்துக்கு, கறிவேப்பிலைச் செடி!

மாமியார் அதைத் தொடவில்லை. அடுத்த வீட்டுச் செடியில் கேட்காமல் கை வைப்பாரா? குனிந்து முகர்ந்து பார்க்கிறார். நிமிர்கிறார். மறுபடியும் குனிந்து முகர்கிறார். அந்த நேரம் பார்த்துப் பாட்டி கதவைத் திறந்தார். இவருக்குச் சீனம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இரண்டு பேருக்கும் அந்தக் காலத்துச் சந்தை மலாய் தெரியும். "டாவுன் காரி?" என்றார் மாமியார். "டாவுன் காரி!" என்றார் பாட்டி. உள்ளே போய்க் கத்தரிக்கோல் எடுத்து வந்தார். ஒரு கொத்துக் கேட்டவருக்கு ஒரு கிளையையே வெட்டிக் கொடுத்தார்.

கைதட்டாதீர்கள், கதை இன்னும் முடியவில்லை. அந்தச் செடி பாட்டிக்கு எப்படி வந்தது? அவர் அங் மோ கியோவிலிருந்து குடிபெயர்ந்தவர். அங்கே பக்கத்து வீட்டில் நெடுங்காலம் இருந்த தமிழ் அம்மா ஒருவர், பாட்டி பெட்டி கட்டிய அன்று, தன் செடியின் வேரிலிருந்து வெடித்த ஒரு கன்றைத் தொட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பியிருக்கிறார். கவனியுங்கள், நடுவர் அவர்களே. அங் மோ கியோவில் ஒரு தமிழ் அம்மா வைத்த செடி. அதைப் பொங்கோலுக்குச் சுமந்து வந்தவர் ஒரு சீனப் பாட்டி. அது விழுந்ததோ தோ பாயோவிலிருந்து வந்த என் மாமியாரின் மீன் குழம்பில்! மூன்று பேட்டை ஒரு சட்டியில் கொதித்தது. அன்று மாலை ஒரு தூக்குச்சட்டிக் குழம்பு எதிர்வீட்டுக்குப் போனது. மறுநாள் தூக்குச்சட்டி நிறைய ஆரஞ்சுப் பழங்களோடு திரும்பி வந்தது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். அவர்கள் வீட்டு வழக்கமும் அதுதான் என்பதைத் தெரிந்துகொள்ள நான் பொங்கோலுக்குப் போக வேண்டியிருந்தது.

பழைய இடத்தை விட்டால் உறவு போய்விடும் என்கிறார்கள் எதிரணியினர். உறவு போனது உண்மை, சகோதரி. தொட்டியில் ஏறி அதுவும் கூடவே போனது.

இன்னொன்றும் கேட்கிறேன். தேக்கா, தேக்கா என்று மூச்சுக்கு மூச்சு சொன்னீர்களே, அந்தத் தேக்காச் சந்தையே இடம் மாறிய சந்தைதானே? சாலைக்கு எதிர்ப்புறத்தில் 1915 முதல் இருந்த பழைய சந்தை 1982இல் மூடி இடிக்கப்பட்டது. கடைக்காரர்கள் கூடையும் தராசுமாகச் சாலையைக் கடந்து இப்போதுள்ள கட்டடத்துக்கு வந்தார்கள். அன்று 'பழைய சந்தையின் களை இதற்கு வருமா' என்று கேட்டவர்கள் இருந்திருக்கத்தான் செய்வார்கள். இன்று அந்தப் புதிய கட்டடத்தைக் காட்டித்தான் நீங்கள் பழைமை பேசுகிறீர்கள்!

சந்தையை விடுங்கள், சாமிக்கு வாருங்கள். ஆர்ச்சர்ட் ரோட்டில் சிவன் கோயில் இருந்தது நினைவிருக்கிறதா? முன்வரிசையில் பெரியவர்கள் தலையசைக்கிறார்கள். டோபி காட் எம்ஆர்டி ரயில் நிலையம் கட்டுவதற்காக 1983இல் அந்தக் கோயில் இடம்பெயர்ந்தது. சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயில் பக்கத்தில் சிவன் தற்காலிகமாகக் குடியிருந்தார். பெருமாள் வீட்டுக்குப் பக்கத்தில் சிவனுக்கு இடம் கிடைத்தது, அதுதான் சிங்கப்பூர்! பிறகு கேலாங் ஈஸ்ட்டில் புதுக் கோயில் எழுந்து 1993இல் குடமுழுக்கு நடந்தது. இன்று சிவராத்திரிக்கு அங்கே போய்ப் பாருங்கள். 'ஆர்ச்சர்ட் ரோட்டுச் சிவன்தான் வரம் கொடுப்பார், கேலாங் சிவன் கொடுக்க மாட்டார்' என்று எந்தப் பக்தராவது திரும்பிப் போகிறாரா?

எதிரணித் தலைவர் வேறொரு குறை சொன்னார். புதிய வட்டாரத்தில் வீடு வரும், வசதி வராது, காத்திருந்தே கால் தேய்ந்துவிடும் என்றார். ஐயா, இதை நான் மறுக்கவில்லை. தெங்காவுக்கு வரவேண்டிய ஜூரோங் வட்டார ரயில் பாதையை இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். காத்திருப்பு கடினம். ஆனால் காத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? புவாங்கோக் நிலையத்தை மறந்துவிட்டீர்களா? 2003இல் வடகிழக்குப் பாதை திறந்தபோது அந்த நிலையம் கட்டி முடிந்து தயாராக நின்றது. ஆனால் குடியிருப்பவர்கள் போதாது என்று கதவைத் திறக்கவில்லை. வாசலில் நிலையம், ரயிலோ நிற்காமல் போகிறது! 2005 ஆகஸ்டில் ஓர் அமைச்சர் அந்த வட்டாரத்துக்கு வந்தபோது சாலையோரத்தில் அட்டையில் வெட்டிய எட்டு வெள்ளை யானைகள் அவரை வரவேற்றன. வெள்ளை யானை என்றால் காசைக் கொட்டிக் கட்டியும் யாருக்கும் பயன்படாத பொருள்! ஊரே பேசியது. 2006 ஜனவரியில் நிலையம் திறந்தது. பழைய பேட்டையில் எல்லாம் முன்பே இருக்கும், நமக்கு முன்னால் வந்த யாரோ கேட்டு வாங்கி வைத்திருப்பார்கள். புதிய வட்டாரத்தில் நாமே கேட்டு வாங்குகிறோம். முதல் ரயில் நின்றபோது அந்த மக்களுக்கு இருந்த பெருமை, எல்லாம் தயாராக இருந்த ஊரில் பிறந்தவருக்குக் கிடைக்குமா?

குடும்பம் சிதறும் என்றும் சொன்னார்கள். தாளிலிருந்து ஒன்றே ஒன்று படித்துவிடுகிறேன். மறுவிற்பனை வீடு வாங்கும் தகுதியுள்ள குடும்பம் பெற்றோரோடு சேர்ந்து வசித்தால் 30,000 வெள்ளி, 4 கிலோமீட்டருக்குள் வசித்தால் 20,000 வெள்ளி மானியம் உண்டு. சேர்ந்து குடிபெயருங்கள் என்று அரசாங்கமே காசு கொடுத்துச் சொல்கிறது. தாள் போதும், மடித்துவிட்டேன்.

நடுவர் அவர்களே, எதிரணியினர் மூன்று பேரும் தோ பாயோவைத்தான் பாடினார்கள். அந்த ஊர் எனக்கும் தாய்வீடுதான். ஆனால் அது என்ன ஆகாயத்திலிருந்து பழைய ஊராகவே இறங்கியதா? அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியது 1960இல். கழகம் முழுவதுமாகத் திட்டமிட்டுக் கட்டிய முதல் நகரம் தோ பாயோ. அதற்கு முன் அது சதுப்பு நிலமும், கம்பம் என்று நாம் சொல்லும் குடிசைக் கிராமமும். 1961 மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் தீப்பிடித்துச் சுமார் 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தார்கள். அத்தாப்பு ஓலைக் குடிசைகளில் இருந்த மக்கள் அடுக்குமாடிக்கு ஏறியது அந்தக் காலத்தில்தான். மாடி வீட்டில் ஆடு வளர்க்க முடியுமா, கோழி வளர்க்க முடியுமா, முற்றம் இல்லாமல் பிள்ளைகள் எங்கே விளையாடும் என்று கலங்கியபடியே ஏறினார்கள். அவர்கள் ஏறியதால்தான் உங்களுக்கு இன்று பாசத்தோடு பேச ஒரு தோ பாயோ இருக்கிறது. அவர்கள் கம்பத்திலேயே இருந்திருந்தால் இன்று எந்த ஊரைச் சொல்லிக் கண்கலங்குவீர்கள்?

மணி அடித்துவிட்டீர்கள். எனக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள், நடுவர் அவர்களே. என் மாமியாரைப் பற்றிச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

தோ பாயோவில் எங்கள் வீடு ஏழாம் மாடி. பழைய புளோக். மின்தூக்கி கீழ்த்தளம், ஐந்தாம் மாடி, ஒன்பதாம் மாடி என்று மூன்று இடத்தில்தான் நிற்கும். என் மாமியாருக்கு மூட்டுவலி. படி ஏற முடியாது. அதனால் வெளியே போகும்போது ஐந்தாம் மாடிக்கு இறங்குவார். வரும்போது ஒன்பதாம் மாடி வரை போய், அங்கிருந்து இறங்கி வருவார். போகும்போதும் இறக்கம், வரும்போதும் இறக்கம். அப்படி ஒரு கணக்குப் போட்டு வாழ்ந்தார். ஒரு நாள் சந்தையிலிருந்து வருகிறார். காய்கறிப் பை ஒரு கையில், கைப்பிடிச் சுவர் ஒரு கையில். எட்டாம் மாடித் திருப்பத்தில் முட்டி மடங்கிவிட்டது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தக்காளி ஒவ்வொன்றாக உருண்டு கீழே போயிருக்கிறது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் வெளியே வந்தேன்.

அதன் பிறகு சந்தைக்குப் போவதை நிறுத்தினார். அடுத்துக் கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். கீழே கல் மேசையில் பேசிக்கொண்டிருக்கும் தோழிகளை மேலேயிருந்து பார்த்துக் கையசைப்பார், அவ்வளவுதான். அவர் தோ பாயோவை இழந்தது பொங்கோலுக்குப் போனபோது என்றா நினைக்கிறீர்கள்? இல்லை ஐயா. தோ பாயோவில் இருந்தபடியே இழந்துவிட்டார்! அந்த இரண்டு மாடிப் படிக்கட்டு அவருடைய ஊரை அவரிடமிருந்து பறித்துக்கொண்டது. பிற்பாடு பழைய புளோக்குகளில் மின்தூக்கி மேம்பாடு வந்தது, நல்ல காரியம். எங்கள் புளோக்குக்கு அது வரும்வரை அந்த முட்டி பொறுக்கவில்லை.

அப்படியும் அவர் வர மறுத்தார். மாமனார் உட்கார்ந்து செய்தித்தாள் படித்த பிரம்பு நாற்காலி தாழ்வாரத்தில் இருந்தது. "அவர் இருந்த இடத்தை விட்டுவிட்டு எப்படி வருவேன்?" என்றார். என் கணவர் பதில் பேசவில்லை. லாரியில் முதல் பொருளாக அந்த நாற்காலியை ஏற்றினார்.

பொங்கோலில் மின்தூக்கி எங்கள் மாடியிலேயே நின்றது. என் மாமியார் கீழே இறங்கினார். தினமும் இறங்கினார். என் மகளைக் கைப்பிடித்துப் பாலர் பள்ளிக்குக் கூட்டிப் போனார். புதிதாகக் குடிவந்தவர்கள் வழி கேட்டால் சொல்லும் ஆள் அவர்தான் என்று ஆனது. மாலையில் எதிர்வீட்டுப் பாட்டியும் அவரும் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து சந்தை மலாயில் பேசிச் சிரிக்கும் சத்தம் எங்கள் மாடி வரை கேட்கும்.

அவர் காலமானபோது அந்தக் கீழ்த்தளத்தில்தான் பந்தல் போட்டோம். பாட்டி சக்கர நாற்காலியில் வந்தார். எடுக்கும்வரை நகரவில்லை. புளோக்கில் எனக்குப் பெயர்கூடத் தெரியாத எத்தனையோ பேர் வந்து நின்றார்கள். மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும். அவர்களுக்கெல்லாம் என் மாமியாரைத் தெரிந்திருந்தது. அத்தனை பேரையும் அவர் சம்பாதித்தது நீங்கள் ஊரே இல்லை என்று சொன்ன ஊரில்தான், சகோதரி.

முன்வரிசையில் இருக்கும் அம்மாக்களே, அப்பாக்களே, உங்களிடம்தான் பேசுகிறேன். உங்கள் மகனோ மகளோ தெங்காவிலோ வேறெங்கோ சாவி வாங்கிக்கொண்டு வந்து "நீங்களும் வாருங்கள்" என்று கூப்பிட்டால், "எனக்கு எதற்குப் புது வீடு, எனக்கு இதுவே போதும்" என்று சொல்லிவிடாதீர்கள். எந்த மாடி என்று கேளுங்கள். எதிர்வீட்டில் யார் என்று கேளுங்கள். எனக்கு எந்த அறை என்று உரிமையோடு கேளுங்கள். பெட்டி கட்ட ஆள் இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள், நான் வந்து கட்டித் தருகிறேன்.

நன்றி, வணக்கம்.