ஸ்கேன் பத்தே விநாடி, நாடா கோக்கப் பதினைந்து நிமிடம்!

வணக்கம், வணக்கம்! உயிரோடுதான் இருக்கிறேன். போன வீடியோவில் பேச்சைப் பாதியில் விட்டு, விலாவைப் பிடித்துக்கொண்டு ஓடினேன் இல்லையா, அது நடிப்பு என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். நடிப்பு இல்லை, சிறுநீரகக் கல். இன்று காலை சி.டி. ஸ்கேன் எடுத்து ரிப்போர்ட்டும் வாங்கிவிட்டேன்.

முதலில் நல்ல செய்தி. ஊசி இல்லை! ஊசி என்றால் எனக்கு எப்படி என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். கல்லைத் தேட எடுப்பது சி.டி. கே.யு.பி., அதாவது கிட்னி, சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பை மூன்றையும் பார்க்கிற பிளைன் ஸ்கேன். கான்ட்ராஸ்ட், அதாவது படத்தில் உள்ளுறுப்புகள் எடுப்பாகத் தெரிய ஊசியில் ஏற்றுகிற மருந்து, போட மாட்டார்கள். படத்தில் கல்லும் வெள்ளை, அந்த மருந்தும் வெள்ளை. மருந்து சிறுநீரில் இறங்கிவிட்டால் சின்னக் கல் அதற்குள் மறைந்துவிடும்.

இது தெரியாமல் நான் ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்தேன். போனில் கேட்டபோது ஒருவர் "வெறும் வயிற்றில் வாங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டார். பிளைன் ஸ்கேனுக்குப் பட்டினியே தேவையில்லையாம். கான்ட்ராஸ்ட் போடுவதாக இருந்தால்தான் சில மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வது வழக்கம். அதனால் போன் பண்ணும்போதே "பிளைனா, கான்ட்ராஸ்டா?" என்று கேட்டுவிடுங்கள்.

சரி, இப்போது நாடா கதை. ஜிப், பெல்ட், பட்டன் எதுவும் கூடாது, படத்தில் கோடு கோடாக விழும் என்று எனக்கு முன்பே தெரியும். அதனால் புத்திசாலித்தனமாக நாடா வைத்த பேண்ட் போட்டுப் போனேன். டெக்னீஷியன் ஒரு பார்வை பார்த்தார். "நாடா நுனியில் என்ன?" குனிந்து பார்த்தால் இரண்டு பக்கமும் பளபளவென்று குட்டி இரும்புக் குழாய்! அதுவும் சரியாக அடிவயிற்றுக்கு மேலே தொங்குகிறது, கல் வந்து மாட்டுகிற இடத்தில். நாடாவையே உருவச் சொல்லிவிட்டார். ஒரு கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டு மேஜையில் ஏறினேன். ஸ்கேன் ஓடியது பத்து விநாடி இருக்கும். திரும்ப அந்த நாடாவைக் கோக்கப் பதினைந்து நிமிடம். பாதி வழியில் நுனி உள்ளே போய் ஒளிந்துகொண்டது, இரண்டு தடவை! பேண்டுக்கு இரும்பு நுனி வைக்கலாம் என்று யோசித்த மனிதர் யார்? அலங்காரமா அது? இனி வீட்டில் நாடா பேண்டே கிடையாது, எலாஸ்டிக்தான்.

ஐயோ, அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லவில்லையே. சிறுநீர்ப்பை ஓரளவு நிரம்பியிருந்தால்தான் குழாயும் பையும் சேருகிற இடம் தெளிவாகத் தெரியும் என்று தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். என் பச்சை பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். குடித்தேன். இருபது நிமிடம் தாங்கவில்லை, ஓடினேன். மறுபடி குடி, மறுபடி ஓட்டம். மூன்றாவது தடவை வரிசையில் இருந்த ஒரு பெரியவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். மானம் போய்விட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

உள்ளே மல்லாக்கப் படுத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றதும் பிடிக்க வேண்டும். மூச்சு விட்டால் கிட்னி மேலும் கீழும் நகரும், சின்னக் கல் தப்பிவிடும். படம் முடிந்ததும் "குப்புறப் படுங்க" என்றார்கள். எதற்கு என்று கேட்டேன். கல் பைக்குள் விழுந்துவிட்டதா, குழாய் வாயிலேயே சிக்கியிருக்கிறதா என்று பார்க்கத்தானாம். உள்ளே விழுந்திருந்தால் புரளும்போது உருண்டு முன்பக்கம் வந்துவிடும். சிக்கியிருந்தால் அங்கேயே நிற்கும். எவ்வளவு அழகான யோசனை! எனக்கு நாள் முழுக்கப் பிடித்த விஷயம் இதுதான்.

என் கல் நகரவில்லை. நான்கு எம்.எம்., இடது குழாய் பையில் சேருகிற வாசலில் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தில் கல் நின்றால் பை எரிச்சலாகி, கொஞ்சம் நிரம்பியதுமே முட்டிக்கொண்டு வருமாம். கேட்டீர்களா? தாங்க முடியாதது என் குற்றம் இல்லை, கல்லின் குற்றம்! அந்தப் பெரியவரைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

ரிப்போர்ட்டில் எச்.யூ. என்று ஓர் எண் இருக்கும், அது அடர்த்தி. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. எச். என்பது ஹவுன்ஸ்ஃபீல்ட், சி.டி. கருவியை உருவாக்கிய எஞ்சினியர். மருத்துவரே இல்லாத அவருக்கு 1979-இல் மருத்துவ நோபல். யூரிக் ஆசிட் கல்லுக்கு அந்த எண் குறைவாக இருக்கும், சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியவே தெரியாது. சி.டி.யில் அதுவும் மாட்டும். 1000-ஐத் தாண்டினால் அதிர்வலையில் உடைப்பது கஷ்டம். எனக்கு 900 சொச்சம்.

இன்னொன்று விட்டுவிட்டேன், கதிர்வீச்சு. வழக்கமான வயிற்று சி.டி. பத்து மில்லிசீவர்ட் அளவுக்குப் போகும். கல்லுக்கென்று லோ-டோஸ் முறை இருக்கிறது, அதில் மூன்று நான்குக்குள் முடியும். இருக்கிறதா என்று கேளுங்கள். கர்ப்பமாக இருந்தால், சந்தேகம் இருந்தாலும், முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு முதலில் அல்ட்ராசவுண்ட்தான்.

நான்கு எம்.எம். பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும் என்றார் டாக்டர். வடிகட்டி வைத்துப் பிடிக்க வேண்டுமாம், என்ன வகைக் கல் என்று பார்க்க. வாங்கிவிட்டேன், சின்னதாக ஒன்று, அதையும் காட்டுகிறேன், இதோ... ஒரு நிமிடம். மறுபடி வருகிறது. வடிகட்டியை எங்கே வைத்தேன்?