குமாரன் பிதாவுக்குக் கீழ்ப்பட்டவரா?

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பெந்தெகொஸ்தே திருநாளுக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையைத் திரித்துவ ஞாயிறாகக் கொண்டாடுவது திருச்சபைகளின் நெடுநாளைய வழக்கம். அதையொட்டிப் பிதாவுக்கும் குமாரனுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவராயினும் தேவன் ஒருவரே என்ற நம்பிக்கையே திரித்துவம். அந்தப் பெயர் திருநெல்வேலிச் சீமைக்குப் புதியதன்று. பாளையங்கோட்டையில் இரேனியுஸ் ஐயர் 1826-ல் எழுப்பிய, மக்கள் ஊசிக்கோபுரம் என்று அழைக்கும் பேராலயமும், இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டுக் கட்டி 1880-ல் பிரதிஷ்டை நடந்த ஆலயமும் பரிசுத்த திரித்துவத்தின் பெயரையே தாங்கியுள்ளன. ஆனால் அந்தப் பெயருக்குள் இருக்கும் பழைய வழக்கு எது என்று கேட்டால், ஆலயத்துக்குத் தவறாமல் செல்பவர்களிலும் பலர் சற்றுத் தயங்குவார்கள்.

நம் பக்கத்தில் மகன் என்ற உறவை மக்கள் இரண்டு விதமாக எண்ணுகிறார்கள். தகப்பனார் சொல்லைத் தட்டாமல் நடப்பவன் மகன் என்பது ஒன்று. தகப்பனாரின் இரத்தமும் குலமும் உடையவன், குடும்பச் சொத்தில் பிறப்பாலேயே உரிமை பெற்றவன் மகன் என்பது மற்றொன்று. முன்னது கீழ்ப்படிதலையும், பின்னது ஒரே தன்மையையும் சுட்டுகின்றன. இயேசுவைத் தேவகுமாரன் என்று ஆதித் திருச்சபை அறிக்கையிட்டபோது பின்னதையே முதன்மையாகக் கருதியது என்பதும், முன்னதைத் தேவனுடைய நித்திய வாழ்வுக்குள் கொண்டு போய் வைத்தபோதெல்லாம் குழப்பம் விளைந்தது என்பதும் என் கருத்து.

எகிப்தின் அலெக்சந்திரியா நகரில், கி.பி. 320-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஆரியுஸ் என்ற மூப்பர் தம் பேராயரான அலெக்சாந்தருக்கு எதிராக ஒரு போதனையை முன்வைத்தார். பிதா ஒருவரே தொடக்கமற்றவர். குமாரன் எவ்வளவு உயர்ந்தவராயினும் பிதாவின் சித்தத்தால் இன்மையிலிருந்து உண்டாக்கப்பட்டவர். ஆகவே 'அவர் இல்லாதிருந்ததும் உண்டு' என்றார் அவர். ஞானம் தன் ஆதியைப் பற்றிப் பேசும் நீதிமொழிகள் 8:22-ஐயும், குமாரனைச் 'சர்வ சிருஷ்டிக்கும் முந்தின பேறு' என்று அழைக்கும் கொலோசெயர் 1:15-ஐயும் அவர் பக்கத்தார் ஆதாரமாகக் காட்டினார்கள். ஆரியுஸை வஞ்சகராகச் சித்திரிப்பது பிரசங்க மேடைகளில் வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தேவன் ஒருவரே, அவரைக் கூறுபோட முடியாது, அவருக்கு மாறுதல் இல்லை என்ற அக்கறையிலிருந்தே அவருடைய போதனை புறப்பட்டது. இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் பிற சமயத்து நண்பர்களில் சிலருக்கும் அவர் சொன்னதே நியாயமாகப் படலாம்.

பேரரசர் கான்ஸ்டன்டைனுக்கோ இது அற்பமான சொற்பூசலாகத் தோன்றியது. சமாதானமாகப் போகும்படி இருவருக்கும் கடிதம் எழுதி, கொர்தோவாவின் பேராயர் ஓசியுஸின் கையில் கொடுத்தனுப்பினார். கடிதத்தால் பயன் விளையவில்லை. 325-ல் நிசேயா நகரில் ஏறத்தாழ 300 பேராயர்கள் கூடினார்கள். குமாரன் உண்டாக்கப்பட்டவரல்லர், ஜெநிப்பிக்கப்பட்டவர், பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அவர்கள் அறிக்கையிட்டார்கள். கையொப்பமிட மறுத்த பேராயர்கள் இருவரும் ஆரியுஸோடு நாடு கடத்தப்பட்டார்கள்.

நிசேயாவோடு வழக்கு முடிந்தது என்று எண்ணுவது பெரும் பிழை. 328-ல் அலெக்சந்திரியாவின் பேராயரான அத்தனாசியுஸ், அடுத்தடுத்து வந்த பேரரசர்களால் ஐந்து முறை தம் நகரை விட்டு விரட்டப்பட்டார். கான்ஸ்டன்டைன் மரணப்படுக்கையில் ஞானஸ்நானம் பெற்றதும் ஆரியுஸின் நண்பரான நிக்கொமேதியாவின் எவுசேபியுஸின் கையால்தான். 359-ல் அரசரின் நெருக்கடிக்கு இணங்கிப் பேராயர்கள் பலர் மழுப்பலான வேறோர் அறிக்கைக்குக் கையொப்பமிட்டபோது, உலகம் முழுவதும் தான் ஆரியுஸின் பக்கமாகிவிட்டதைக் கண்டு வியந்து முனகியது என்று வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்த எரோணிமுஸ் பின்னாளில் எழுதினார். சாமானியரும் இதில் ஒதுங்கி நிற்கவில்லை. கான்ஸ்தாந்திநோபிளில் ஒருவரிடம் சில்லறை கேட்டால் ஜெநித்தவரையும் ஜெநியாதவரையும் பற்றிப் பேசுகிறார், அப்பத்தின் விலையைக் கேட்டால் பிதா பெரியவர், குமாரன் சிறியவர் என்று விடை வருகிறது என நீசாவின் கிரெகொரி நொந்துகொண்டார். நெல்லையப்பர் கோயில் அருகே அல்வா விலை விசாரிப்பவருக்கு இப்படி ஒரு பதில் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று நேயர்களே எண்ணிப் பாருங்கள்.

அத்தனாசியுஸின் வாதத்தில் இரண்டு இழைகள் உண்டு. பிதா என்றென்றும் பிதாவாக இருக்கிறார் என்றால் குமாரனும் என்றென்றும் இருந்தாக வேண்டும். குமாரன் ஒரு காலத்தில் இல்லை என்றால் தேவன் இடையில் பிதாவாக மாறினார் என்றாகும், அப்போது மாறாத தேவனைக் காக்கப் புறப்பட்ட ஆரியுஸே அவரை மாறுகிறவராக்கி விடுகிறார். இது முதல் இழை. இரண்டாவது இதைவிட வலுவானது என்பது என் எண்ணம். ஆரியுஸின் சபையாரும் குமாரனின் நாமத்தில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள், அவரைத் தொழுதார்கள். குமாரன் சிருஷ்டியானால் அந்தத் தொழுகை சிருஷ்டிக்குச் செய்யும் தொழுகையாகும். ஒரு சிருஷ்டியோ மற்றொரு சிருஷ்டியைத் தேவனோடு இணைக்க இயலாது. இப்படி, தத்துவ மன்றத்தின் கேள்வியை அவர் ஜெபத்துக்கும் இரட்சிப்புக்கும் உரிய கேள்வியாக மாற்றினார்.

அப்படியானால் 'என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்' என்று யோவான் 14:28-ல் இயேசுவே சொல்வதை என்ன செய்வது? வீடு வீடாக வந்து பத்திரிகை கொடுக்கும் யெகோவாவின் சாட்சிகள் இன்றும் எடுத்துக்காட்டும் வசனங்களில் இதுவும் ஒன்று. பழைய ஆசிரியர்கள் இதற்கு இரண்டு விளக்கங்கள் தந்தார்கள். நாசியான்சுவின் கிரெகொரி, பிதா மூலமாக இருப்பதால் பெரியவர், தன்மையில் இருவரும் சமமே என்றார். பிதா என்ற பெயர் ஒரு தன்மையையோ செயலையோ குறிப்பதில்லை, உறவையே குறிக்கிறது என்ற அவருடைய விளக்கம் இந்த வழக்கில் ஒரு திருப்புமுனை. அகுஸ்தீன், வேதம் குமாரனைப் பற்றிச் சொல்பவற்றுள் சில தேவ ரூபத்துக்கும் சில அவர் எடுத்த அடிமை ரூபத்துக்கும் உரியவை என்று பகுத்து, இந்த வசனத்தைப் பின்னதில் வைத்தார். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல.

எதிர்த்திசையில் சென்றவர்களும் உண்டு. மூன்றாம் நூற்றாண்டின் சபெல்லியுஸ் வழியில், பிதா, குமாரன், ஆவி என்பவை ஒரே ஆளின் மூன்று தோற்றங்களே என்று கற்பித்தார்கள். இயேசுவின் நாமத்தில் மட்டுமே ஞானஸ்நானம் கொடுக்கும் பெந்தெகொஸ்தே சபைகள் இக்காலத்தில் இதற்கு நெருங்கிய கருத்தை உடையவை. இங்கே உறவு என்ற பேச்சுக்கே இடமில்லை. சிலுவைப்பாட்டுக்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு யாரிடம் ஜெபித்தார் என்ற கேள்வியைத் தாண்டி இக்கருத்து வெகுதூரம் செல்வதில்லை.

நம் காலத்தின் கூர்மையான விவாதம் வேறு வடிவம் எடுத்தது. அமெரிக்காவில் வேய்ன் கிரூடம், புரூஸ் வேர் போன்ற இறையியலாளர்கள், குமாரன் தன்மையில் பிதாவுக்குச் சமமானவர், ஆயினும் அதிகாரத்தில் நித்தியமாகவே அவருக்குக் கீழ்ப்படிகிறவர் என்று கற்பித்தார்கள். மனைவி கணவனுக்குச் சமமானவளாகவும் அடங்கினவளாகவும் இருக்க வேண்டும் என்பதற்கு இது முன்மாதிரியாயிற்று. கிறிஸ்துவுக்கு தேவன் தலை என்று சொல்லும் 1 கொரிந்தியர் 11:3 அதற்குத் துணை நின்றது. ஆஸ்திரேலியாவின் ஆங்கிலிக்கன் குருவான கெவின் கைல்ஸ் நெடுங்காலம் இதை மறுத்து எழுதிவந்தார். 2016-ல் சண்டை முற்றியபோது, குடும்பத்தில் ஆணின் தலைமையை ஏற்றுக்கொண்ட சிலரே இப்போதனையை வெளிப்படையாக எதிர்த்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டு வழக்கைத் தீர்க்கத் திரித்துவத்தைச் சாட்சிக்கூண்டில் ஏற்றக் கூடாது என்பதில் அவர்களோடு நானும் நிற்கிறேன்.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கீழ்ப்படிதல் இருக்க வேண்டுமானால், கட்டளையிடும் சித்தம் ஒன்று, இணங்கும் சித்தம் மற்றொன்று என இரண்டு சித்தங்கள் வேண்டும். பிதாவுக்கும் குமாரனுக்கும் தெய்வத்தன்மை ஒன்றே என்பதால் சித்தமும் ஒன்றே என்று பழைய சபை நம்பியது. அப்படியானால் 'என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது' என்று கெத்செமனேயில் பேசிய சித்தம் எது? அது குமாரன் நமக்காக ஏற்றுக்கொண்ட மனித சித்தம் என்று அறிக்கையிட்டவர் ஏழாம் நூற்றாண்டுத் துறவியான மாக்சிமுஸ். அதை விட்டுக்கொடுக்க மறுத்ததற்காக அவருடைய நாவும் வலது கையும் வெட்டப்பட்டன. 662-ல் நாடு கடத்தப்பட்ட இடத்தில் அவர் இறந்தார். 680-81-ல் கூடிய கான்ஸ்தாந்திநோபிள் பொதுச்சங்கம் அவர் கொள்கையையே உறுதிப்படுத்தியது.

எபிரெயர் 5:8-ம் இதற்கு இசைவாக நிற்கிறது. 'அவர் குமாரனாயிருந்தும் பட்டபாடுகளினாலே கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டு' என்கிறது வசனம். குமாரத்துவமே கீழ்ப்படிதல் என்றால், குமாரனாக இருந்ததால் கீழ்ப்படிந்தார் என்று எழுதியிருக்க வேண்டும். யோவான் 5:18-லோ, தேவனைத் தம் சொந்தப் பிதா என்று சொன்னதால் இயேசு தம்மைத் தேவனுக்குச் சமமாக்கினார் என்று கொதித்து, எதிரிகள் அவரைக் கொல்ல வகைதேடுகிறார்கள். அவருடைய பகைவர்களின் செவியிலும் மகன் என்ற உரிமை சமத்துவமாகவே விழுந்தது.

எஞ்சியிருப்பது 1 கொரிந்தியர் 15:28. முடிவில் குமாரன் தாமும் பிதாவுக்குக் கீழ்ப்பட்டிருப்பார் என்று பவுல் எழுதுகிறார். நிசேயாவில் ஆரியுஸுக்கு எதிராக நின்ற அங்கிராவின் மார்செல்லுஸ் இதை வைத்து, குமாரனுடைய ஆட்சி ஒருநாள் முடிந்துபோகும் என்று கற்பித்தார். நண்பர்களின் பக்கத்திலிருந்தே வந்த தொல்லை இது. மற்றவர்களோ, இங்கே கீழ்ப்படுவது மீட்கப்பட்ட மனிதகுலத்தின் தலையாக நிற்கும் கிறிஸ்து, அவருக்குள் நாமெல்லாரும் பிதாவிடம் ஒப்படைக்கப்படுகிறோம் என்று வாசித்தார்கள். இந்த விளக்கம் எனக்கு ஏற்புடையது. பவுலின் வாக்கியம் இன்னும் சற்று இறுகித்தான் நிற்கிறது என்பவரோடு நான் சண்டையிட மாட்டேன். மார்செல்லுஸுக்கு மறுமொழியாகவே, 381-ன் பொதுச்சங்கத்தோடு இணைத்துச் சொல்லப்படும் அறிக்கையில் 'அவருடைய ராஜ்யத்துக்கு முடிவில்லை' என்ற வரி இடம்பெற்றது என்பர். நற்கருணை ஆராதனையில் நாம் இன்று சொல்வது அந்த அறிக்கையைத்தான்.

நன்றி, வணக்கம்.