சும்மா கிடைக்கிற சாஃப்ட்வேரில் வைரஸ் இருக்குமா? ஸ்டோரா, வெப்சைட்டா?

அடுத்த கேள்வி திருச்சியிலிருந்து வந்திருக்கிறது. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் அனுப்பியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன். "மகன் புது விண்டோஸ் லேப்டாப் வாங்கிக் கொடுத்திருக்கிறான் தம்பி. வீடியோ பார்க்க விஎல்சியும், கடிதம், கணக்கு எழுத லிப்ரே ஆபிஸும் போட வேண்டும். தமிழில் டைப் செய்யவும் ஏதாவது வேண்டும். லிப்ரே ஆபிஸுக்கு மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் காசு கேட்கிறது, அவர்களுடைய வெப்சைட்டில் சும்மாவே கிடைக்கிறது. சும்மா கொடுப்பதில் வைரஸ் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. எதில் எடுக்கட்டும்?"

டீச்சர், பயப்பட வேண்டாம். இரண்டையும் அவரவர் வெப்சைட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். லிப்ரே ஆபிஸைத் தருவது ஜெர்மனியில் பதிவான டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்கிற அறக்கட்டளை. விஎல்சியைத் தருவது பிரான்ஸில் இருக்கிற வீடியோலேன். இரண்டுமே லாபத்துக்காக நடப்பவை அல்ல. வெப்சைட்டில் இலவசம் என்பதுதான் அவர்களுடைய வழக்கம். ஸ்டோரில் லிப்ரே ஆபிஸுக்கு அவர்கள் ஒரு சிறு தொகை வாங்குவது அந்தப் பணியை நடத்தத்தான். படம் வரைகிற கிரிட்டாவும் அப்படித்தான், ஸ்டோரில் விலை, வெப்சைட்டில் இலவசம். காசு கொடுத்தால் கூடுதல் பாதுகாப்பு, சும்மா வந்தால் ஆபத்து என்று இதில் கணக்கே கிடையாது.

சொல்லப்போனால் இதே லிப்ரே ஆபிஸ் விஷயத்தில் தலைகீழாக ஒன்று நடந்தது. 2018 ஜூலையில், அந்த அறக்கட்டளையோடு சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவர் லிப்ரே ஆபிஸை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ஏற்றி விலை போட்டு விற்றார். "அது எங்களுடையது அல்ல, அந்தப் பணம் எங்களுக்கு வராது" என்று அறக்கட்டளை வெளிப்படையாகச் சொல்ல வேண்டி வந்தது. அதனால் ஸ்டோரில் எடுத்தாலும் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் வெளியிட்டவர் யார் என்று போட்டிருக்கும், அதைப் படித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

ஆனால் டீச்சர், எனக்கு உண்மையான கவலை வேறு. நீங்கள் "வெப்சைட்" என்று சொல்லும்போது எந்த வெப்சைட்டுக்குப் போய்ச் சேர்கிறீர்கள் என்பதுதான். என் பெரியம்மா லேப்டாப்பில் நடந்ததைச் சொல்கிறேன். அவரும் விஎல்சிதான் தேடினார். தேடலில் முதலில் வந்தது ஒரு விளம்பரம். அதைத் தொட்டதும் வேறு ஏதோ ஒரு டவுன்லோட் தளம், நடுவில் பெரிய பச்சைப் பட்டன். இறக்கிய ஃபைல் திறந்ததும் வரிசையாக "அடுத்து, அடுத்து" என்று கேட்டது. மூன்றாவது திரையில் ஒரு பெட்டியில் ஏற்கெனவே டிக் போட்டிருந்தது: பிரவுசரின் முதல் பக்கத்தை மாற்றச் சம்மதம், இன்னொரு சாஃப்ட்வேரைச் சேர்த்துப் போடச் சம்மதம். "வேண்டாம்" என்கிற எழுத்து வெளிர் சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டாலும் தெரியாத அளவில் ஓரத்தில் இருந்தது. பெரியம்மா "அடுத்து" அழுத்திவிட்டார். விஎல்சியும் வந்தது, கூடவே நான்கு வேண்டாத விருந்தாளிகளும் வந்தார்கள். அவற்றை எடுக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போனது. அவர் "நான்தான் எதையோ தப்பாக அழுத்திவிட்டேன்" என்று மன்னிப்புக் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. தப்பு அவர் மேல் இல்லை. ஏமாற்றுவதற்கென்றே செய்து வைத்த திரை அது.

அதனால் தேடலில் முதலில் வருவதைத் தொடாதீர்கள். முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள்: லிப்ரேஆபிஸ் டாட் ஆர்க், வீடியோலேன் டாட் ஆர்க். முகவரி தெரியாத சாஃப்ட்வேர் என்றால் விக்கிபீடியாவில் அதன் பக்கத்துக்குப் போங்கள், ஓரத்தில் இருக்கும் பெட்டியில் அதிகாரப்பூர்வ தளத்தின் இணைப்பு இருக்கும். அங்கே போனால் ஸ்டோரில் இருக்கிறதா என்பதையும் பெரும்பாலும் அவர்களே சொல்லியிருப்பார்கள். ஸ்டோரில் எடுக்க ஆசைப்பட்டால்கூட உருவாக்கியவர் பக்கத்திலிருந்து அந்த இணைப்பைப் பிடித்துப் போவதுதான் என் வழக்கம்.

அப்புறம், இறக்கிய ஃபைலைத் திறக்கும்போது திரை மங்கி, "இந்த ஆப் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கலாமா" என்று விண்டோஸ் கேட்கும். எல்லோரும் படிக்காமல் "ஆம்" அழுத்துகிற இடம் அது. ஒரு நிமிடம் நில்லுங்கள். தலைப்பு நீலமாக இருந்து, வெளியிட்டவர் பெயராக வீடியோலேன் என்றோ டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்றோ இருந்தால் சரி. மஞ்சளாக இருந்து, வெளியிட்டவர் யாரென்று தெரியாது என்று சொன்னால் "இல்லை" கொடுத்துவிட்டு மகனிடம் கேளுங்கள். நீலமாக இருந்தும் பெயர் வேறாக இருந்தால் அதுவும் வேண்டாம்.

இரண்டு வழியிலும் ஓட்டை உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு உதாரணமும் ஆப்பிளின் மேக் கணினிகளில் நடந்தவை. 2017 மே மாதம் ஹேண்ட்பிரேக் என்கிற வீடியோ மாற்றும் சாஃப்ட்வேரின் சொந்த டவுன்லோட் சர்வர்களில் ஒன்றுக்குள் யாரோ புகுந்து, மேக் ஃபைலை மாற்றி வைத்துவிட்டார்கள். நான்கு நாள் அப்படியே இருந்தது. அந்த நாட்களில் இறக்கியவர்களில் பானிக் என்கிற மேக் சாஃப்ட்வேர் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரும் உண்டு. இதையே தொழிலாகச் செய்கிறவர் அவர். அவர் கணினி வழியாகப் போய் அந்த நிறுவனத்தின் மூல நிரல்களையே திருடிவிட்டார்கள். ஸ்டோர் பக்கம் பார்த்தால், 2018 செப்டம்பரில் மேக் ஆப் ஸ்டோரில் நன்றாக விற்றுக்கொண்டிருந்த ஆட்வேர் டாக்டர் என்கிற ஆப், வாங்கியவர்களின் பிரவுசர் வரலாற்றைச் சீனாவில் இருந்த ஒரு சர்வருக்கு அனுப்பியது வெளியே வந்தது. வேண்டாத விளம்பரத் தொல்லையை நீக்கத்தான் அந்த ஆப்பையே விற்றார்கள். பாதுகாப்பு ஆய்வாளர்கள் ஒரு மாதம் முன்பே ஆப்பிளிடம் சொல்லியும், விஷயம் ஊருக்குத் தெரிந்த பிறகுதான் எடுத்தார்கள்.

அப்படியானால் ஸ்டோரால் என்ன பயன்? ஒன்று, அப்டேட் தானாக நடக்கும். லிப்ரே ஆபிஸை வெப்சைட்டில் எடுத்தால் புதுப் பதிப்பு வந்திருப்பதைச் சொல்லும், அதை இறக்கிப் போடுவது உங்கள் வேலை. அதைத் தள்ளிப்போடுகிறவர் என்று உங்களுக்கே தெரிந்தால், அந்தச் சிறு தொகையைக் கொடுத்து ஸ்டோரில் வாங்குவது நல்ல முடிவுதான், பணமும் நல்லவர்களுக்குப் போகிறது. இன்னொன்று, மேக்கில் 2012 ஜூனிலிருந்து ஸ்டோருக்கு வரும் ஆப்கள் ஒரு வேலிக்குள்தான் ஓட வேண்டும். நீங்கள் திறந்து கொடுத்தால் தவிர உங்கள் ஃபைல்களைத் தொட முடியாது. குறிப்பெடுக்கிற ஆப், கால்குலேட்டர் மாதிரி சின்ன வேலைகளுக்கு அந்த வேலி பெரிய நிம்மதி.

ஆனால் கணினி முழுவதும் கை நீட்ட வேண்டிய சாஃப்ட்வேருக்கு அதே வேலி மூச்சு முட்டும். பிபிஎடிட் என்கிற பழைய எழுத்துத் தொகுப்பான் 2014இல் மேக் ஸ்டோரை விட்டு வெளியேறி 2019இல்தான் திரும்பியது. இப்போது அதை ஸ்டோரில் சந்தாவாக வாங்கலாம், அவர்களிடம் நேரடியாக ஒரே முறை காசு கொடுத்தும் வாங்கலாம். நான் நேரடியாகத்தான் வாங்கச் சொல்வேன், உரிம எண் வரும் மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துகிறவராக இருந்தால்.

டீச்சர், உங்கள் லேப்டாப் புதிது என்பதால் ஒன்று. சில லேப்டாப்கள் எஸ் மோடில் வரும். அதில் ஸ்டோர் ஆப் மட்டும்தான் ஓடும், வெப்சைட்டில் இறக்கியதைத் திறக்க விடாது. அந்த மோடிலிருந்து இலவசமாக வெளியே வரலாம், ஆனால் திரும்பிப் போக முடியாது. அதை மகன் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

தமிழ் டைப்பிங்குக்கு எங்கேயும் போக வேண்டாம், எதையும் இறக்கவும் வேண்டாம். தமிழ் 99 விசைப்பலகையும், ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றுகிற ஃபொனெடிக் விசைப்பலகையும் 2019இலிருந்து விண்டோஸுக்குள்ளேயே இருக்கின்றன. செட்டிங்ஸில் நேரம், மொழி என்கிற பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, அதன் கீழே விசைப்பலகையைத் தேர்ந்தெடுங்கள். பிறகு விண்டோஸ் பட்டனையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறிக்கொள்ளலாம்.