அம்மியும் நகரும்

தலைமை வகிக்கும் ஐயா அவர்களே, வர்த்தகப் பெருமக்களே, நாள் முழுக்க வேலை செய்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கிற தொழில் திணைக்கள உத்தியோகத்தர்களே, பின்வரிசையில் நிற்கிற கடைப் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம். மண்டபம் தந்த சனசமூக நிலையத்தாருக்கும் தேநீர் தந்த மாதர் சங்கத்தாருக்கும் தனியாக நன்றி சொல்லவேண்டும். முன்வரிசையில் இருக்கிற பெரியவர்கள் இந்த நகரில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டவர்கள். அவர்கள் முன்னிலையில் இந்த விடயத்தைப் பேசுவது பெருமை.

ஆட்கள் ஏன் தாமாகவே வேலையை விட்டுப் போகிறார்கள்? நேரம், மரியாதை, சம்பளம், கடிதம் என்று நாலு காரணம் சொல்ல வந்திருக்கிறேன். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். ஒரே நாளில் யாரும் வேலையை விடுவதில்லை.

யாழ்ப்பாணத்துப் பெரியகடைப் பக்கம் ஒரு புடவைக்கடை என்று வையுங்கள். அச்சுவேலியிலிருந்து ஒரு பிள்ளை வேலைக்கு வருகிறாள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் இரவு எட்டு மணி மட்டும் நிற்கச் சொல்கிறார்கள். பஸ் போய்விடும், தகப்பன் மோட்டார் சைக்கிளோடு சந்தியில் காத்து நிற்கிறார். அது முதல் அடி. கல்லாவில் 1,500 ரூபா குறைகிறது. கல்லாவைத் தொட்டது மூன்று பேர், வெட்டியதோ எல்லாருடைய சம்பளத்திலும். அது இரண்டாவது. புடவை பார்க்க வந்த சனத்துக்கு முன்னால் மேற்பார்வையாளர், "உனக்கு ஒண்டும் தெரியாதோ?" என்கிறார். அன்றைக்கு அவள் மத்தியானச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை. அக்காவின் கலியாணத்துக்கு இரண்டு நாள் லீவு கேட்டால், "சீசன் நேரம் பிள்ளை, பிறகு பாப்பம்." தீபாவளி மாதம் 40 மணித்தியாலம் கூடுதலாக நின்றாள். முதலாளி மனம் நிறைந்து ஒரு சேலை கொடுத்தார். ஆனால் அவளுக்குக் கணக்குத் தெரியும். மாதச் சம்பளம் 36,000. அதை மாதக் கணக்குக்கு எடுக்கிற 240 மணித்தியாலத்தால் பிரித்தால் மணிக்கு 150, மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு 225, நாற்பது மணிக்கு 9,000 ரூபா. தை பிறந்ததும் ஒரு காலை தொலைபேசி அடிக்கிறது: "ஐயா, நான் நாளையிலிருந்து வரேல்லை. வீட்டிலை கொஞ்சம் பிரச்சினை." அடுத்த மாதம் அதே வீதியில் இன்னொரு கடையில் நிற்கிறாள், 2,000 ரூபா கூட. "இரண்டாயிரத்துக்குப் போயிட்டாள்" என்று முதலாளி எல்லாருக்கும் சொல்கிறார். இல்லை ஐயா. அந்த இரண்டாயிரம் கடைசி அடி மட்டுந்தான்.

நேரத்துக்குச் சட்டமே இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி சாப்பாட்டு நேரம் நீங்கலாக நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. மேலதிக நேரம் வாரத்துக்கு 12ஐத் தாண்டக்கூடாது. மரியாதையை அந்தப் பிள்ளையின் கதையிலேயே கேட்டுவிட்டீர்கள். சம்பளம் எப்படி வெட்டுப்படுகிறது என்பதையும் அதிலேயே கண்டீர்கள். கடிதம் அதைவிட அவசரம்.

"ஆள் நிரந்தரமான பிறகு கடிதம் தருவோம், சேமலாப நிதியும் அப்போது கட்டுவோம்" என்பது இங்கே வழக்கமாகிவிட்டது. பெரிய பிழை. ஊழியரும் முதலாளியும் மாதாமாதம் சேர்க்கிற ஊழியர் சேமலாப நிதி, 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதல் நாளிலிருந்தே உரியது. தகுதிகாண் காலமோ தற்காலிகமோ விலக்கல்ல. 36,000 சம்பளத்துக்கு ஊழியர் பங்கு 8 வீதம் 2,880, முதலாளி பங்கு 12 வீதம் 4,320. ஐந்து வருடத்தில் வட்டி சேராமலே 4,32,000 ரூபா. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி என்கிற இன்னொரு சேமிப்புக்கு முதலாளி தரவேண்டிய 3 வீதம் வேறு. பதினைந்து பேருக்குக் குறையாத இடமென்றால், ஐந்து வருடம் முடித்தவர் தாமாக விலகினாலும் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை, 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி. கையில் ஒரு தாளும் இல்லாத பிள்ளைக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? தன் பெயரில் ஒரு சேமிப்பு வளர்வதைக் காணாதவள் எதை எண்ணி இங்கே நிற்பாள்? அடி மேல் அடி விழும்போது அம்மியைப் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை.

போகிற நாளில் காரணம் கேட்டுப் பயனில்லை. மிச்சச் சம்பளம் கைக்கு வராதவர் உண்மை சொல்லமாட்டார். முப்பதாவது நாள் கேளுங்கள், மேற்பார்வையாளரை வெளியே விட்டுவிட்டு: சொன்ன நேரத்துக்கு வீடு போகிறீர்களா, சம்பளத்தில் விளங்காத வெட்டு ஏதும் உண்டா, யாரிடம் கேட்கப் பயம்?

ஆகவே ஐயாமாரே, கேட்பது ஒன்றுதான்: முதல் நாளே நியமனக் கடிதம், முதல் மாதமே சேமலாப நிதி. கடிதத்தில் பதவி, சம்பளம், வேலை நேரம், மேலதிக நேரத்துக்கு மணிக்கு எவ்வளவு, இரண்டாம் வருடத்திலிருந்து வருட லீவு 14 நாள், திடீர்த் தேவைக்கு எடுக்கிற அமைய லீவு 7 நாள், விலகுவதென்றால் எத்தனை நாள் முன்னறிவித்தல், சேமலாப நிதி இலக்கம் எல்லாம் இருக்கவேண்டும். ஒரு பக்கம் போதும். மாதிரிக் கடிதங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. கடைக்கொன்று எடுத்துப் போங்கள். திங்கட்கிழமை முதலில் வேலைக்கு வருகிற பிள்ளையின் பெயரை அதில் எழுதுங்கள்.