கூன் விழுந்த மீனுக்கு மருந்து ஊற்றும் முன்

வணக்கம். திரையில் இப்போது நீங்கள் பார்ப்பது ஒரு பெண் கப்பி, வீட்டுத் தொட்டிகளில் வளர்க்கும் சிறிய அலங்கார மீன். மேலிருந்து பார்க்கும்போது அதன் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து நெளிந்திருப்பதும், நேராக நீந்த முயலும்போதெல்லாம் வால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போவதும் தெளிவாகத் தெரியும். இத்தகைய மீனைக் கண்டதும் பலரும் மருந்துப் புட்டியைத் தேடுகிறார்கள். நான் முதலில் கேட்பது, இந்த வளைவு எப்போது வந்தது என்பதைத்தான்.

குஞ்சுப் பருவத்திலேயே இருந்ததென்றால், நெருங்கிய உறவுக்குள் தொடர்ந்து இனப்பெருக்கம் செய்ததால் வந்த மரபுக் குறையாக இருக்கலாம். நன்றாகத் தின்று நீந்தும் மீனை அப்படியே வாழ விடலாம். அதிலிருந்து குஞ்சு மட்டும் எடுக்க வேண்டாம். (இதுபோன்ற முதுகெலும்புக் குறையை மோலி என்னும் மீனில் வேண்டுமென்றே வளர்த்தெடுத்து, பலூன் மோலி என்று அழகுப்பொருளாக விற்பது எனக்கு உடன்பாடில்லை.) வளரும் பருவத்தில் மெல்ல வளைந்தால் தீவனத்தைக் கவனியுங்கள். எலும்புக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம் உருவாக வைட்டமின் சி தேவை; திறந்து வைத்த தீவன டப்பாவில் அது நாளடைவில் சிதைந்துவிடும்.

நேராக இருந்த வளர்ந்த மீன் கூன் விழுந்து, தின்றும் வயிறு ஒட்டி, நிறம் மங்கி, உடலில் புண்ணும் தோன்றினால், மீன் காசநோயைச் சந்தேகிக்க வேண்டும். நியான் டெட்ரா என்னும் தொட்டி மீனில் பிளீஸ்டோஃபோரா என்னும் ஒட்டுண்ணியும் ஏறக்குறைய இதே தோற்றத்தைத் தரும் என்பதால், திசுவைச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல இயலாது. இந்த மீன் காசநோயின் கிருமிகளுள் ஒன்றான மைக்கோபாக்டீரியம் மரினம், 1926-இல் ஃபிலடெல்பியாவில் காட்சித் தொட்டியில் இறந்த கடல்மீன்களிலிருந்து விவரிக்கப்பட்டது. அது மனிதரின் தோலையும் தாக்கும். சுமார் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நன்கு வளர்வதால், உடலின் உட்பகுதியைவிடக் குளிர்ந்த கை விரல்களில்தான் பெரும்பாலும் கட்டிகளாக வெளிப்படுகிறது. குணமாக மாதக்கணக்கில் மருந்து உண்ண நேரிடும்.

ஆகவே கையில் கீறல் இருந்தால் கையுறையின்றித் தொட்டிக்குள் கை விடாதீர்கள். குழாயை வாயால் உறிஞ்சி நீர் இறக்காதீர்கள். ஆறாத கட்டிக்காக மருத்துவரிடம் சென்றால், மீன் வளர்ப்பதை நீங்களாகவே சொல்லுங்கள். இறந்த மீனை மற்றவை கொத்தித் தின்றாலும் நோய் பரவும் என்பதால் உடனே அகற்றுங்கள். இக்கிருமி குளோரினை ஓரளவு தாங்கும். வலையை 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்து, முழுதாக உலர்த்திய பிறகே அடுத்த தொட்டியில் இடுங்கள்.